கடைசி ஏற்றத்துக்கு ஒரு மூடி எண்ணெய்

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது ராஜநாயகம் தன் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்.

எண்ணெய்த் தொட்டியில், அதாவது பெட்ரோல் தொட்டியில், ஓட்டை ஏதாவது இருக்கிறதா என்று தேடுகிறார். இருந்தால் அது கார் செய்த குற்றம். இல்லையென்றால் அது ஓர் ஆள் செய்த குற்றம். அந்த ஆள் இப்போது காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறார்.

"ப்பா, வெளிய வாங்கலா. எண்ணெ அங்கல்லாம் ஒளிஞ்சிருக்காது" என்றாள் மகள் கரேன்.

"ஒரு சொட்டு விழுந்த மாதிரி இருந்திச்சிமா."

"அது மழத்தண்ணி."

ராஜநாயகம் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். மழைத்தண்ணீர்தான்.

ரிங்லெட்டுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பெய்த மழைக்கு, லைன் வீட்டுத் தகரக் கூரைகளுக்கே சத்தம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிவிட்டது. மழை நின்ற இரவு, அந்த அமைதியில் தூக்கம் பிடிக்காமல் தோட்டமே எழுந்து உட்கார்ந்திருந்தது. அதற்குள் தாப்பாவுக்கு இறங்கும் சாலையில் பாதி மலை வந்து உட்கார்ந்துவிட்டது. எண்ணெய் லோரி மேலே வர வழியில்லை. ரிங்லெட் முதல் பிரிஞ்சாங் வரை எண்ணெய் நிலையங்களில் குழாய்களுக்குச் சாக்கு கட்டிவிட்டார்கள்.

அது மலைக்கே வந்த கஷ்டம். ராஜநாயகத்துக்கு வந்த கஷ்டம் வீட்டுக்குள், நாற்காலியில் தலையணைகளை அண்டக் கொடுத்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி ஜெனட்டின் சிறுநீரகங்கள் வேலையை விட்டு நின்று வெகுநாளாகிறது. வாரத்துக்கு மூன்று முறை தாப்பாவில் மெஷினோடு உட்கார்ந்து இரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் அவளுக்கு அடுத்த வாரம் உண்டு. சாலை போனதிலிருந்து அவள் மெஷினைப் பார்க்கவில்லை. மேலே டவுனில் இருந்த மெஷினும் படுத்துவிட்டது. அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும், அங்கே குழாயைத் திறந்தால் சேறு வந்தது. ஜெனட்டுக்குக் கால் வீங்கி, முகம் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தே தூங்கினாள். ராஜநாயகம் பக்கத்தில் உட்கார்ந்து தூங்காமல் இருந்தார்.

விடிந்ததும் தாப்பா நர்ஸ் போன் செய்தாள்.

"அங்கள், ஆண்டிய எப்படியாச்சும் ஈப்போவுக்குக் கொண்டு போயிருங்க. இன்னிக்கி சாயந்தரத்துக்குள்ள ஒரு எடம் பிடிச்சி வச்சிருக்கேன். விட்டா அடுத்த வாரம்தான்."

"அடுத்த வாரம் வரைக்கும் தாங்குமா சிஸ்டர்?"



"ஈப்போவுக்கு எறங்குற சிம்பாங் பூலாய் ரோட்டுலயும் விரிசல் உழுந்திருக்காம். இன்னிக்கி பன்னெண்டு மணியோட மூடுறாங்க. அது வரைக்கும் சின்ன காடி மட்டும் விடுவாங்க, லோரி கெடையாது. சீக்கிரம் கெளம்புங்க அங்கள்."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனாலும் வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் பதில் கிடைத்துவிட்டது.

அம்புலன்ஸ்கள் மண்ணில் மாட்டியவர்களைத் தூக்கப் போயிருந்தன. தோட்டத்து ஜீப் தாப்பா பக்கம் மாட்டிக்கொண்டது. மிச்சம் இருந்தது ராஜநாயகத்தின் வெள்ளை விவா கார். அதன் எண்ணெய் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே சாய்ந்து படுத்திருந்தது.

முள் அங்கே படுத்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

ராஜநாயகம் தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். எண்ணெயை மிச்சம் பிடிப்பதில் அவரை மிஞ்ச பஹாங் மாநிலத்தில் ஆள் கிடையாது. ஏசி போட மாட்டார். கண்ணாடியை இறக்க மாட்டார். காற்று உள்ளே புகுந்து காரைப் பின்னால் இழுக்குமாம். ஆக்ஸிலேட்டரை அவர் மிதித்ததே இல்லை, தொட்டு நலம் விசாரிப்பதோடு சரி. இறக்கம் வந்தால் இஞ்சினை அடைத்து, ஃப்ரீ கியரில் போட்டு, கோயில் தேர் மாதிரி சத்தமில்லாமல் உருண்டு வருவார். ஒருமுறை தாப்பாவுக்குப் போய்த் திரும்பியபோது, ஊற்றிய எண்ணெயைவிடத் தொட்டியில் ஒரு கோப்பை கூடுதலாக இருந்ததாம். நாணயமான மனிதர் என்பதால் அதை நிலையத்தில் திருப்பிக் கொடுக்கப் போனாராம். அவர்கள் வாங்க மறுத்துவிட்டார்களாம். தோட்டத்தில் இப்படிச் சொல்வார்கள். ராஜநாயகம் மறுத்ததில்லை.

ஆனால் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு வேறு. எண்ணெய்க்கும் கனம் உண்டு. தொட்டி நிறைய ஊற்றினால் அந்த எண்ணெயைச் சுமக்கவே எண்ணெய் செலவாகும். ஆகவே ஒருநாளும் கால் தொட்டிக்கு மேல் ஊற்றக்கூடாது.

மழை பிடித்ததும் தோட்டத்தில் கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் ரிங்லெட்டுக்கு ஓடிப்போய் முட்ட முட்ட ஊற்றிக்கொண்டு வந்தார்கள். ராஜநாயகம் வாசலில் நின்று அவர்களைப் பார்த்துச் சிரித்தார். நேற்று அவர்கள் பிள்ளைகுட்டிகளை ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாகக் கீழே இறங்கிப் போனார்கள். போகும்போது கையாட்டினார்கள். ராஜநாயகமும் கையாட்டினார்.

இப்போது அவர் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, முதுகில் ஒட்டிய சேற்றோடு நின்றார்.

"போதும்" என்றார். "இருக்கிற எண்ணெ போதும். நான் ஓட்டுனா போதும்."

"போதாதுப்பா."

"போதும்னா போதும்."  சொல்லிவிட்டு, காரின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டைத் திறந்து எல்லாவற்றையும் இறக்க ஆரம்பித்தார்.

அந்தச் சின்ன காரின் பூட்டுக்குள் எவ்வளவு இருந்தது என்று சொன்னால் நம்புகிறவர்கள் நம்பட்டும். ரோஜாச் செடிக்கு வைத்திருந்த தேயிலைத் தூசி ஒரு சாக்கு. சர்ச் திருவிழாவுக்கு எடுத்துப்போன ஒலிபெருக்கிக் குழாய். யானை கட்டும் அளவுக்கு ஓர் இரும்புச் சங்கிலி. இரண்டு உபரி டயர்கள். அதில் ஒன்று அவர் எப்போதோ விற்றுவிட்ட வேறொரு காருடையது. எல்லாவற்றுக்கும் அடியில் அரை மூட்டை சிமெண்ட்.

கரேன் சிமெண்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"எண்ணெ கனமா இருக்குன்னு ஊத்தாம வுட்டீங்க. சிமெண்ட வச்சிக்கிட்டா சுத்துனீங்க?"

"வழியில எங்கயாச்சும் செவுரு உழுந்து கெடந்தா…" என்று இழுத்தார்.

கரேன் பின் சீட்டின் அடியில் கிடந்தவற்றை வழித்துப் போட்டாள். பிறகு கால் பம்ப்பை எடுத்து வந்து டயர்களைத் தட்டிப் பார்த்தாள். நான்கும் பஞ்சு மாதிரி இருந்தன.

"என்னாப்பா இது? காத்தே இல்ல. டயர் மெத்துனு இருந்தா காடி எண்ணெய மொடக்கு மொடக்குனு குடிக்கும். ஒங்களுக்குத் தெரியாதா?"

ராஜநாயகத்துக்குத் தெரியும். அவருக்குத் தெரியாமல் அந்தக் காரில் ஒரு திருகாணிகூடக் கிடையாது. அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மெஷின்லேருந்து வரும்போது அம்மாவுக்கு ஒடம்பெல்லாம் வலிக்கும். குழியில உழுந்தா தூக்கிப் போடும். அதான் கொஞ்சம் காத்த எறக்கி வச்சேன்."

கரேனின் கால் பம்ப்பின் மேல் அப்படியே நின்றது.

வாசல்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த ஜெனட் இதைக் கேட்டாள். மூச்சை இழுத்து, பாதி பாதியாகப் பேசினாள்.

"இன்னிக்கி தூக்கிப் போட்டா… போடட்டும். நல்லா அடிடி காத்து."

அந்த நேரத்தில் கீழ் லைனிலிருந்து கந்தசாமி கங்காணி ஏறி வந்தார். அவருக்கும் ராஜநாயகத்துக்கும் பேச்சு நின்று சில மாதங்கள். கால் தொட்டிக் கொள்கையைத் தோட்டத்து டீக்கடையில் வைத்து, எல்லோர் முன்னாலும் கந்தசாமி சிரித்தது காரணம். அவர் கையில் ஒரு மினரல் தண்ணீர் போத்தல். உள்ளே மஞ்சளாக, முக்கால் போத்தல் எண்ணெய்.

"மோட்டர் சைக்கிள்லேருந்து உறிஞ்சிட்டேன்" என்று கந்தசாமி ஓரமாகத் துப்பினார். வாயெல்லாம் எண்ணெய். "இம்புட்டுதான் இருந்திச்சி."

ராஜநாயகம் கையை நீட்டவில்லை. நீட்டாமல் இருக்கவும் முடியவில்லை. கை நடுவில் நின்றது.

"பிடிங்கண்ணே. இத ஊத்துனா காடி கனமாயிருமேன்னு யோசிக்கிறீங்களா?"

அவமானத்தில் ராஜநாயகத்தின் காது சிவந்தது. போத்தலை வாங்கினார். தொட்டியின் வாயில் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துப் பிடித்தார். போத்தலின் மூடியில் ஒட்டியிருந்ததையும் உதறினார்.

"நீ வேலைக்கு எப்படிப் போவ, கந்தா?"

"நடந்து போறேன். தங்கச்சிய பாத்து கொண்டு போங்க." கந்தசாமி ஜெனட்டைப் பார்த்தார், பிறகு சட்டென்று தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் முகம் அப்படி ஊதியிருந்தது.

கார் கிளம்பியது. முன் சீட்டில் கரேன். பின் சீட்டில் ஜெனட், ஜெபமாலையும் ஒரு போர்வையுமாக.

ரிங்லெட்டைத் தாண்டி தானா ராத்தா வரை ஏற்றம். ராஜநாயகம் வளைவுக்கு வளைவு கணக்குப் போட்டு, பிரேக்கைத் தொடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அவர் போன வேகத்துக்கு, சாலையோரம் முட்டைக்கோஸ் மூட்டை சுமந்து நடந்துபோன ஓர் ஆள் அவர்களை முந்திக்கொண்டு போனான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான்.

"ப்பா, கொஞ்சம் மிதிங்க."

"மிதிச்சா எண்ணெ தீந்துரும்."

"மிதிக்காட்டி நேரம் தீந்துரும்! பன்னெண்டு மணிக்கு ரோட்ட மூடிருவாங்க."

ராஜநாயகத்துக்கு இதுவரை வராத சிக்கல் இது. அவர் வாழ்க்கையில் நேரம் எப்போதும் இலவசமாகக் கிடைத்தது, எண்ணெய்க்குத்தான் விலை. இன்றைக்கு இரண்டும் ஒரே தொட்டியில் குறைந்துகொண்டிருந்தன. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினார். முள் நடுங்கியது. காலை எடுத்தார். பின்னால் ஜெனட் இருமினாள். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு இருமல். மறுபடி அழுத்தினார்.

பிரிஞ்சாங்கில் எண்ணெய் நிலையத்துக்கு முன்னால் கார்கள் வரிசை பிடித்து நின்றன. லோரி வரும் வரும் என்று காத்து, முன்னால் நின்ற காரின் கூரையில் புல்லே முளைத்துவிட்டது. அதை ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கரேன் இறங்கி ஓடி, ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டினாள். "கொஞ்சம் எண்ணெ குடுங்க, எங்கம்மா…" என்று தமிழிலும் மலாயிலும் கெஞ்சினாள். ஒரு சீனப் பெண் தன் காரின் முள்ளைக் கைகாட்டினாள். அதுவும் படுத்திருந்தது. ஒரு மலாய்க்காரர் ஏதோ துஆ சொல்லி ஜெனட் இருந்த பக்கம் ஊதினார். அவரிடம் அதுதான் இருந்தது.

கரேன் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். அழவில்லை. அழுதால் நேரமாகும் என்று நினைத்திருக்கலாம்.

பிரிஞ்சாங் மேட்டைத் தாண்டியதும் திரிங்காப் பக்கம் சாலை இறங்குகிறது. ராஜநாயகத்தின் முகத்தில் அன்றைக்கு முதல் வெளிச்சம் அங்கேதான் வந்தது. இறக்கம் அவருடைய ராஜ்யம். சாவியைத் திருப்பி இஞ்சினை அடைத்தார். கியரை ஃப்ரீயில் தள்ளினார். கார் சத்தமில்லாமல் உருள ஆரம்பித்தது.

"ஒரு சொட்டு செலவில்ல பாரு" என்றார்.

"ப்பா, வேணாம். அம்மா உள்ள இருக்காங்கல்ல, வேணாம்பா."

"நாப்பது வருசமா இப்படித்தான் எறங்குறேன்."

தோட்டத்து ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் இறங்குவார்கள். மோட்டர் வைத்திருப்பவன், வேன் வைத்திருப்பவன், எல்லோரும் மேட்டில் இஞ்சினை அடைத்துவிட்டுக் காற்றில் வருவார்கள். சின்னச் சின்ன இறக்கம், கீழே தேயிலைச் செடி. மெதுவாக வந்து மெதுவாக நிற்கும். காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் இந்தச் சாலை வேறு மாதிரி. மழையில் சேறு படிந்து கிடந்தது. கார் வேகம் பிடித்தது. ராஜநாயகம் பிரேக்கை மிதித்தார், பிடித்தது. இரண்டாவது முறை மிதித்தார், பாதி பிடித்தது. மூன்றாவது முறை பிரேக் பெடல் பாறை மாதிரி இறுகிக் காலைத் தள்ளியது. ஸ்டியரிங் இரும்பாகிவிட்டது.

வளைவுக்கு அந்தப் பக்கம் கோஸ் ஏற்றிய லோரி ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு நின்றது.

"யேசுவே" என்றாள் ஜெனட், இருமாமல்.

"சாவிய போடுங்க! ரெண்டாவது கியர்! கிளச்ச விடுங்கப்பா!" கரேன் அவர் கையின் மேல் கையை வைத்து கியரை இழுத்தாள். கார் ஒரு துள்ளு துள்ளியது. இஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. மூன்று பேரும் முன்னால் சரிந்தார்கள். கார் இழுத்துப் பிடித்து, லோரியின் வாலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. லோரியிலிருந்து ஒரு கோஸ் உருண்டு வந்து பானெட்டின் மேல் நிதானமாக உட்கார்ந்தது.

லோரிக்காரர் எட்டிப் பார்த்து, கோஸை எடுத்துக்கொண்டு போனார்.

"இஞ்சின அடச்சா பிரேக்கும் போயிரும்" என்றாள் கரேன். "கியர்ல போட்டுட்டு கால மட்டும் எடுங்க. டயரே இஞ்சின சுத்த வைக்கும். இந்தக் காடி அப்ப எண்ணெயே குடிக்காது. பிரேக்கும் இருக்கும்."

"யாரு சொன்னா?"

"ரூபன்."

"எந்த ரூபன்?"

கரேன் வெளியே பார்த்தாள். பின் சீட்டில் ஜெனட் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய விதத்தில் அவளுக்கு எந்த ரூபன் என்று தெரியும் என்பது தெரிந்தது.

"எந்த ரூபன்னு கேக்குறேன்ல? எவன் காடில நீ…"

"என்னாங்க" என்றாள் ஜெனட். "நான் உயிரோட ஈப்போ போனா… நானே சொல்றேன். இப்ப ஓட்டுங்க."

ராஜநாயகம் ஓட்டினார். கியரில் ஓட்டினார். இறக்கத்தில் காலை எடுத்தபோது கார் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு, சொன்னபடி இறங்கியது. நாற்பது வருடம் ஒரு வளைவில் கழன்று போனதைப் பற்றி நினைக்க அவருக்கு நேரமில்லை.

கம்போங் ராஜாவில் போலிஸ்காரர்கள் சாலைக்குக் குறுக்கே கட்டைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு ஆகப்போகிறது. முன்னால் போன கார்களின் வால்கூடத் தெரியவில்லை. எல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன. நத்தை வேகத்தில் எண்ணெயை மிச்சம் பிடித்து வந்ததில், மலையில் கடைசிக் கார் இவர்களுடையதாகிவிட்டது. ஓர் இளம் போலிஸ்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார். பின் சீட்டைக் குனிந்து பார்த்தார். உடனே கட்டையைத் தானே இழுத்து விலக்கி, "செபாட், பாச்சேக், செபாட்!" சீக்கிரம் போங்க பெரியவரே என்று கையை வீசி விரட்டினார்.

கார் நுழைந்ததும் பின்னால் கட்டை மூடியது. இனி யாரும் பின்னால் வரமாட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரே ஓர் ஏற்றம். பெரிய ஏற்றம். அதன் உச்சியைத் தொட்டுவிட்டால் சிம்பாங் பூலாய் வரை இறக்கம்தான். ஆக்ஸிலேட்டரைத் தொட வேண்டியதே இல்லை. அடிவாரத்தில் எண்ணெய் கிடைக்கும். உச்சிதான் வேண்டும்.

பாதி ஏற்றத்தில் கார் இருமியது.

ஜெனட் இருமுகிற மாதிரியே இருமியது. குலுங்கியது. ராஜநாயகம் முதல் கியருக்கு வந்தார். கார் இன்னும் கொஞ்சம் ஊர்ந்தது. மறுபடி இருமி, நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினார். எழுந்தது, உடனே திணறியது. தொட்டியின் அடியில் ஒரு மூடி அளவு கிடந்திருக்கும். சாய்வில் அது ஒரு மூலைக்கு ஓடிப்போயிருந்தது.

கரேன் குதித்து இறங்கினாள். பூட்டைத் திறந்தாள். ஜாக்கி, மிதியடி, தண்ணீர்ப் போத்தல், எல்லாவற்றையும் பள்ளத்தில் எறிந்தாள். பின் சீட்டில் வைத்திருந்த செருப்புகளையும் எறிந்தாள். எறிய எதுவும் மிச்சமில்லை.

"நான் எறங்கிக்கிறேன்பா. கனம் கொறயும். நீங்க அம்மாவ கொண்டு போங்க."

ராஜநாயகம் மகளைப் பார்த்தார். கொழுந்துக் கூடையின் ஈர்க்குப்போல இருந்தாள். அவள் இறங்கினால் காருக்குத் தெரியவே தெரியாது. பிறகு தன் மடியைப் பார்த்தார். ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டிருந்த வயிற்றைப் பார்த்தார். ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டிகளை எடை போட்டுப் போட்டுப் பழகியவர். தராசு இல்லாமலே சொல்வார். இந்தக் காரில் இனி வேண்டாத சாமான்களிலேயே கனமானது எது என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

கதவைத் திறந்து இறங்கினார்.

"ஏறு. நீ ஓட்டு."

"நானா?"

"ஏறுன்னு சொல்றேன்ல?"

அந்தக் காரின் ஸ்டியரிங்கை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. கரேனுக்குக் கால் கனம், எண்ணெய் போய்விடும் என்று லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து அவளைத் தொடவிட்டதில்லை. அவள் உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்தாள். கையெல்லாம் சேறு.

ஜெனட் பின் கண்ணாடியை இறக்கினாள்.

"நீங்க எப்படிங்க வருவீங்க? ரோட்ட மூடிட்டாங்களே."

"நடந்து வர்றேன்."

"ஈப்போவுக்கா?"

"எறக்கம்தான? உருண்டாச்சும் வந்துருவேன்."

ஜெனட் சிரிக்கப் பார்த்தாள். மூச்சு இடம் கொடுக்கவில்லை. கையை வெளியே நீட்டினாள். அதில் ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய இடத்தை அவர் விரலால் ஒருமுறை தடவினார். பிறகு கையை எடுத்து உள்ளே வைத்து, கண்ணாடியை அவரே ஏற்றிவிட்டார்.

"கரேன். மேல ஏறிட்டா ஃப்ரீ கியர் போடாத."

"சரிப்பா."

"கியர்ல போட்டு… அந்தப் பையன் சொன்ன மாதிரி எறக்கு."

கரேன் அவரைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"போ!"

அவர் பின்னால் போய், பூட்டில் தோளைக் கொடுத்தார். சாவி திரும்பியது. இஞ்சின் இருமியது. அவர் தள்ளினார். தார்ச்சாலையில் படிந்த சேற்றில் செருப்பு வழுக்கியது. செருப்பை உதறிவிட்டு வெறுங்காலோடு தள்ளினார். நெஞ்சுக்குள் ஏதோ பிளக்கிற மாதிரி இருந்தது. தள்ளினார். கார் அவர் தோளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, தன் காலில் நின்று, முன்னால் போனது. தள்ளுவதற்கு எதுவும் இல்லாமல் அவர் கைகள் காற்றில் நின்றன.

பின் கண்ணாடியில் ஜெனட்டின் தலை தெரிந்தது. வளைவு வந்தது. தெரியவில்லை.

அப்புறம் சத்தம் மட்டும். முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுகிற சத்தம். ராஜநாயகம் தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோலக் கேட்டார். இருமியது. எழுந்தது. இன்னும் மேலே. இருமியது.

சத்தம் நின்றது.

அவர் அசையவில்லை. உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியிருந்தாலும் சத்தம் நிற்கும். ஒரு மூடி எண்ணெயும் தீர்ந்து நடுச்சாலையில் நின்றிருந்தாலும் சத்தம் நிற்கும். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். லைன் இல்லை. மேலே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

ராஜநாயகம் ஓட ஆரம்பித்தார்.

வெறுங்காலோடு, தொந்தி குலுங்க, வாயைத் திறந்து மூச்சை விழுங்கிக்கொண்டு ஓடினார். கார் நின்றிருந்தால் மறுபடி தள்ள வேண்டும். உச்சி வரை தள்ள வேண்டும். ஆனால் அவர் கும்பிட்டுக்கொண்டு ஓடியது அதற்காக இல்லை. அந்த வளைவுக்கு அப்பால் சாலை காலியாக இருக்க வேண்டும். அங்கே ஒரு காரும் இருக்கக் கூடாது, தன் மனைவியும் மகளும் இருக்கவே கூடாது. அந்த மலையில் இதுவரை ஒருவரும் தன் குடும்பத்தை நோக்கி அப்படி வேண்டிக்கொண்டு ஓடியதில்லை.

வளைவில் மண்திட்டில் கையை ஊன்றித் திரும்பினார். அங்கே அவர் என்ன பார்த்தார் என்பது அடுத்த வாரம்.